மயிலுக்கு அருளும் மனைவிக்கு அறமும்

உயிரினங்களிடத்து ஒருவன் ஒழுகும் முறை அவன் உள்ளத்தின் இயல்பைக் காட்டிவிடும் என்னும் கருத்து மக்களிடையே பரவலாக நிலவுவதாகும். நாய்க்குச் சோறிடுவோனை நல்லன் என்றும், அதனைக் கல்லெறிந்து ஓட்டுவோனைக் கொடியன் என்றும் விரைந்து முடிவு கட்டுதல் எங்கும் காணப்படும் வழக்கு. மேனாட்டு அறிஞரும் இக்கருத்தை வற்புறுத்தியுள்ளனர். ஜெர்மானிய மெய்ப்பொருளறிஞராகிய காண்ட், விலங்குகளிடத்துக் கொடுமை புரிவோன் மக்களிடத்தும் வன்னெஞ்சன் ஆவான் எனத் தம் அறவியற் சொற்பொழிவுகளில் மொழிந்தார். ஆங்கில ஓவியர் ஹோகார்த் 1751-இல் வெளியிட்ட 'கொடுமையின் நான்கு படிநிலைகள்' என்னும் படவரிசையோ, நாயைத் துன்புறுத்தி மகிழும் சிறுவன் ஒருவன் வளர்ந்து, கொலைஞனாகித் தூக்கிலிடப்படுவதைக் காட்டுகின்றது.

இவ்விருவர் கூற்றும் கொடுமையைப் பற்றியன. இவற்றின் மறுதலை உண்மையாகுமா? உயிரினத்தின்பால் இரக்கம் காட்டுவோன் மக்களிடத்தும் இரக்கமுடையனாய் இருப்பன் என்பதற்கு அவ்விரக்கம் சான்றாகுமா? இவ்வினாவிற்குத் தமிழிலக்கியம் தரும் விடையை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இதற்குப் பெருந்துணை புரிவது புறநானூற்றில் வையாவிக் கோப்பெரும் பேகனைப் பற்றி அடுத்தடுத்து அமைந்துள்ள ஏழு பாடல்களின் தொகுதியாகும் (புறம். 141-147). அதனைக் காணுமுன், அகப்பாடல்கள் இப்பொருளைக் கையாளும் முறையைச் சுருங்க நோக்குதல் நலம்.

1. அகத்திணையில் உயிரினமும் தலைமக்கள் பண்பும்

பிரிந்து சென்ற தலைவன் குறித்த பருவத்தில் வாரானோ எனத் தலைவி வருந்துகின்றாள். கார்காலம் வந்தமை காட்டித் தோழி அவளை ஆற்றுவிக்கின்றாள். குறுங்குடி மருதனார் பாடிய அப்பாடலில் (அகம். 4) தலைவனது தேர் சிறப்பான ஓர் அடைமொழி பெறுகின்றது. பூத்த சோலையில் தம் துணையொடு தங்கித் தேனுண்ணும் வண்டுகள் கலங்குமே என அஞ்சி, மணியின் நா ஒலியாதவாறு கட்டப்பட்ட தேர் அது. 'வண்டுக்கு இரங்குவோன் நினக்கு இரங்கானோ?' எனத் தோழி வெளிப்பட வினவவில்லை. தலைவனைச் சுட்டும் அடையாகவே அச்செய்தியை அமைத்து, முடிவைத் தலைவியின் உள்ளத்திற்கு விட்டுவிடுகின்றாள். வண்டுகள் துணையொடு இருந்தமை இங்கு உளங்கொளத் தக்கது. பிற உயிரின் இணைவாழ்வைக் கலைக்க அஞ்சுவோன் தன் இணைவாழ்வைக் கலைப்பானல்லன் என்பது தோழியின் உட்கருத்து எனலாம்.

கலித்தொகையின் 11-ஆம் பாடலில் தலைவியே இவ்வாறு முடிவு காண்கின்றாள். செல்லும் வழியில், கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டிப் பின் தான் உண்ணும் களிற்றையும், பெடையின் வருத்தத்தைச் சிறகால் ஆற்றும் புறாவையும், தன் நிழலைப் பிணைக்கு அளிக்கும் கலைமானையும் பற்றித் தலைவன் அவளிடம் முன்னரே உரைத்திருந்தான். இத்தகைய நலமுடைய காட்டிற் சென்றவர் தன் நலம் வாடவிடார் எனத் தலைவி தேறுகின்றாள். தலைவன் விலங்கிற்கு எவ்வுதவியும் செய்தானல்லன். கண்டதும் உரைத்ததுமே அவன் செயல்கள். காணத் தெரிந்த கண்ணே அன்புடைமைக்குப் போதிய சான்று எனத் தலைவி கொள்கின்றாள்.

இனி, வெறுப்பு நிலைக்கும் ஓர் எடுத்துக்காட்டுண்டு. குறுந்தொகையில் மதுரைக் கண்ணனார் பாடிய பாடலொன்றில் (குறுந். 107) தலைவனுடன் இனிது துயின்ற தலைவி, தன்னை எழுப்பிய சேவலைச் சினந்து, வீட்டெலியை நள்ளிரவில் தேடித் திரியும் காட்டுப்பூனைக் குட்டிக்கு அது சிறுகச் சிறுக இரையாகித் துன்புறுக எனச் சபிக்கின்றாள். சொல்லளவில் நோக்கின் இது கொடுமையே. ஆயினும் இத்தலைவியைக் கொடியள் என எவரும் கொள்ளார். சேவலின்மேற் சென்ற சினம் தலைவன்மேல் வைத்த காதலின் மிகுதியே அன்றோ? எனவே உயிரினத்தை வெறுத்துக் கூறும் சொல், தன்னளவில் வன்னெஞ்சத்தைக் காட்டும் சான்றாகாது. அச்சொல் எவ்வுணர்விலிருந்து பிறந்தது என்பதே ஆராயத் தக்கது. வெறுப்பிற்கு இது பொருந்துமாயின், இரக்கத்திற்கும் பொருந்துதல் வேண்டும். இங்கேதான் பேகன் வரலாறு நம்முன் நிற்கின்றது.

2. மயிலுக்குப் படாம் ஈந்தவன்

பொதினி மலைக்குரிய ஆவியர் குடித் தலைவனாகிய பேகன், மயில் குளிரால் நடுங்கும் எனக் கருதித் தன் போர்வையை அதற்கு அளித்தான். இச்செய்தியைச் சிறுபாணாற்றுப்படையும் வள்ளல் எழுவரைக் கூறுமிடத்து எடுத்துரைக்கின்றது. பள்ளிச் சிறார்க்குப் பேகன் இச்செயல் ஒன்றினாலேயே அறிமுகமாகின்றான்.

இச்செயலின் சிறப்பைப் பரணர் நுட்பமாக விளக்குகின்றார். மயில் அதனை உடுக்கவும் போர்க்கவும் செய்யாது என்பதைப் பேகன் அறிந்திருந்தான், அறிந்தும் ஈந்தான் (புறம். 141). அறியாமையால் நிகழ்ந்த செயலன்று அது. அவனுடைய கொடை மறுமைப் பயனை நோக்கியதன்று, பிறர் வறுமையையே நோக்கியது எனவும் அப்பாடல் முடிகின்றது. கைம்மாறு செய்ய இயலாத உயிருக்கு, அதற்குப் பயன்படாது எனத் தெரிந்தும் ஈதல், ஈகையின் தூய வடிவம் எனப் பரணர் கருதினர் போலும்.

அடுத்த பாடலில் பேகனது ஈகை மழைக்கு உவமிக்கப்படுகின்றது (புறம். 142). வற்றிய குளத்திற் பெய்தும், அகன்ற வயலிற் பொழிந்தும், வேண்டும் இடத்திற்கு உதவாது உவர்நிலத்தில் ஊற்றியும் வரையறையின்றி வழங்கும் மாரி போல்வன் பேகன். கொடையில் மடம் படுவனேயன்றிப் படையில் மடம் படான் என்கின்றார் புலவர். 'கொடைமடம்' என்னும் இச்சொல் புகழ்ச்சியே. ஆயினும் புகழ்ச்சிக்குள்ளே ஒரு குறை அடங்கியிருத்தலைக் காண்க. தேவையுள்ள இடம் எது என ஆராயாது பொழிவது மழையின் பெருமை. அதுவே அதன் குறையுமாகும். உவர்நிலம் நீர் பெறும் பொழுது, நீரின்றி வாடும் நிலம் ஒன்றும் உண்டு என்பது உவமையின் உட்கிடை. பரணர் இவ்வுவமையைக் குறிப்பாக ஒன்றை உளத்திற் கொண்டு அமைத்தாரெனத் துணிதற்கில்லை. எனினும், புறநானூற்றில் இதனையடுத்து வரும் பாடல்களைப் படிப்போர், வாடிய அந்நிலம் யாதென எளிதில் உணர்வர்.

3. கண்ணகி பொருட்டு எழுந்த ஐந்து பாடல்கள்

பேகனால் துறக்கப்பட்ட அவன் மனைவியின் பெயர் கண்ணகி எனப் பழங்குறிப்புக்கள் கூறும். அவள் பொருட்டுக் கபிலர் ஒரு பாடலும், பரணர் இரண்டும், அரிசில்கிழார் ஒன்றும், பெருங்குன்றூர்கிழார் ஒன்றும் ஆக ஐந்து பாடல்கள் எழுந்தன. முன்னிரு பாடல்களும் பாடாண்திணையின, இவ்வைந்தும் பெருந்திணையின. ஒரே தலைவனது ஈகையும் அவன் மனைவியின் கண்ணீரும் இடைவெளியின்றி அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. தொகுத்தோர் கருத்து யாதாயினும், இரண்டையும் சேர்த்துக் காணும் கடமை கற்போர்க்கு உண்டு.

கபிலர் பாடல் வினாவாக அமைந்தது (புறம். 143). பேகனையும் அவன் மலையையும் பாடிச் சிற்றூர் ஒன்றின் வாயிலில் நின்றபோது, கண்ணீரை நிறுத்த இயலாதவளாய்க் குழல் அழுவது போல் அழுதாளே, இரங்கத்தக்க அவள் யாவள் எனக் கேட்கின்றார். அறியாதார் போலக் கேட்டமையால், விடை கூறும் பொறுப்பு பேகனைச் சார்கின்றது. பேகன் புகழே அவளை அழச்செய்தது என்பதும் இப்பாடலில் வெளிப்படுகின்றது. உலகெலாம் மகிழ்ந்து கேட்கும் புகழ், ஒருத்திக்கு மட்டும் துன்பமாயிற்று.

பரணரது முதற்பாடல் (புறம். 144) இதனினும் கூர்மையுடையது. நீ அருளாதொழிதல் கொடிது எனக் கண்டித்தே அவர் தொடங்குகின்றார். எம் நட்பை விரும்புவோனுக்கு நீ உறவினையோ எனத் தாம் வினவியபோது, அப்பெண் விரலாற் கண்ணீரைத் துடைத்து, 'யாம் அவனுக்கு உறவினேம் அல்லேம்' என விடையிறுத்ததாகக் கூறுகின்றார். தன்னைப் போன்ற வேறொருத்தியின் நலத்தை விரும்பி, முல்லை வேலி சூழ்ந்த நல்லூருக்கு ஒலிக்கும் தேரொடு அவன் நாள்தோறும் வருவதாகச் சொல்கின்றனர் என்பதும் அவள் கூற்று. புலவரோடு கேண்மை விரும்புபவனுக்கு மனைவி உறவாகாமற் போயினள் என்னும் முரண் இங்கு வெளிப்படை.

அத்தேரின் ஒலியை அகநானூற்றுத் தலைவனது தேரோடு ஒப்பிட்டு நோக்குக. வண்டு கலங்கும் என்று மணிநாவைக் கட்டிய தேர் அது. மயிலுக்கு இரங்கிய பேகனது தேரோ ஆரவாரித்துச் செல்கின்றது. அச்செய்தி மனைவியின் செவிக்கு எட்டுமே என்னும் எண்ணம் அவனுக்கு இல்லை. உயிரினத்தின் நடுக்கம் கண்ணிற்குத் தெரிகின்றது. தன் செயலால் நடுங்கும் உள்ளம் தெரியவில்லை. பேகன் இரக்கமற்றவன் அல்லன். தன்னால் நேராத துன்பத்தைக் காணும் கண் அவனுக்கு இருந்தது. தன்னால் நேர்ந்த துன்பத்தைக் காணும் கண் இல்லை. முன்னதற்கு நல்லுணர்வு போதும். பின்னதற்குத் தன்னையே குற்றவாளியாக நிறுத்திக் காணும் துணிவு வேண்டும்.

அரிசில்கிழார், பேகன் தரும் அணிகலனும் செல்வமும் தமக்கு வேண்டா என்கின்றார் (புறம். 146). துயருழக்கும் மனைவியின் கூந்தல் மீண்டும் நறும்புகை பெற்று மாலை சூடுமாறு, தேரிற் குதிரை பூட்டப்படுதலே அவர் வேண்டும் பரிசில். அக்கூந்தலுக்கு அவர் கூறும் உவமை மயிலின் தோகை. கூந்தலைத் தோகைக்கு உவமித்தல் சங்கப் புலவரிடையே பொதுவழக்கே. ஆயினும் கேட்போன் மயிலுக்குப் படாம் ஈந்த பேகன் ஆதலின், அப்பொது உவமை இவ்விடத்துத் தனிப்பொருள் பெறுகின்றது. பெருங்குன்றூர்கிழாரும் எண்ணெய் மறந்த கூந்தலையே சுட்டுகின்றார் (புறம். 147). கார்கால மழைத்துளியின் இனிய ஓசையைத் தனியளாய்க் கேட்டு அவள் வருந்தியிருந்தமையையும் அவர் உரைக்கின்றார். மயில் நடுங்கும் என எண்ணச் செய்தது குளிர். இங்கும் மழை பெய்கின்றது. போர்வை ஈவார்தாம் இல்லை.

4. அருள், அன்பு, அறம்

இவ்வைந்தனுள் நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலையாவது பரணரின் இரண்டாம் பாடலாகும் (புறம். 145). மயில் குளிரால் நடுங்குமென அருளிப் படாம் ஈந்தவனே எனப் பேகனை விளித்து, தாம் பசித்து வரவில்லை என்றும், தம்மாற் புரக்கப்படும் சுற்றமாகிய சுமையும் தமக்கில்லை என்றும் புலவர் கூறுகின்றார். பின்னர், அருளை விரும்புபவனே, அறம் செய்வாயாக என இரக்கின்றார். இன்றிரவே மணிகள் கட்டிய நெடுந்தேர் ஏறிச் சென்று, துன்புற்று வாழ்பவளின் துயரைக் களைதலே அவர் கேட்ட பரிசில்.

மயிலைப் பற்றிக் கூறுமிடத்து 'அருள்' என்றும், மனைவியைப் பற்றி வேண்டுமிடத்து 'அறம்' என்றும் புலவர் சொல்வேறுபாடு காட்டுதல் கருதத் தக்கது. முற்பாடலில் மனைவிக்கு அருளாமையைக் கொடிது என்றவர், இப்பாடலில் அருள் செய்க எனக் கேட்டிலர். அறம் செய்க என்றே கேட்டனர். மயிலுக்குப் போர்வை ஈயாதிருப்பின் பேகனை யாரும் பழியார். அஃது அவன் விருப்பத்தின்பாற்பட்டது. மனைவியின் துயர் களைதல் விருப்பத்தின்பாற்பட்டதன்று. அவன் செய்தே தீர வேண்டிய கடன். அருளுக்கு உரிமை கொண்டாடுவார் இல்லை, அறத்திற்கு உண்டு. அருளை விரும்புபவன் என்னும் புகழ் அறம் செய்யும் கடனிலிருந்து ஒருவனை விடுவியாது என்பதே பரணர் பேகனுக்கு உணர்த்தியது.

திருக்குறள் உரைமரபும் இவ்வேறுபாட்டிற்குத் துணை செய்கின்றது. அன்புடைமை இல்லறவியலிலும், அருளுடைமை துறவறவியலிலும் வைக்கப்பட்டுள்ளன. அன்பு தொடர்புடையார் மேற்செல்வது எனவும், அருள் தொடர்பு பற்றாது எல்லா உயிர்மேலும் இயல்பாகச் செல்வது எனவும் பரிமேலழகர் பிரித்துக் காட்டுவர். வள்ளுவரோ, பிறிதோரிடத்தில் அருளை அன்பின் மகவாக உருவகித்துள்ளார் (குறள் 757). தாயினின்றே மகவு தோன்றுதல் இயல்பு. பேகன் வரலாற்றில் மகவு வளர்ந்து புகழெய்தியுள்ளது. தாய் வாயிலில் நின்று அழுகின்றாள். தொடர்பில்லாத மயிலின்பால் அருள் சென்றது. தொடர்புடைய மனைவியோ உறவல்லேம் எனக் கூறும் நிலையை எய்தினள்.

தொடர்பிலா உயிர்மேற் செல்லும் இரக்கம் ஒருவகையில் எளியது என்பதனையும் நாம் மறத்தலாகாது. மயில் எதிர்வினவாது, நேற்றைய சொல்லை இன்று நினைவூட்டாது. ஒருமுறை ஈந்த போர்வையோடு அக்கடன் முடிந்துவிடும். இல்வாழ்வின் அன்போ நாள்தோறும் புதுப்பிக்கப்பட வேண்டுவது. மக்களோடு பழகுதலின் இடர்ப்பாட்டிற்கு அஞ்சி உயிரினங்களிடம் புகலடைவோர் எக்காலத்தும் உளர். அவர்தம் அன்பு பொய்யன்று. ஆயின் அது மக்களன்பிற்கு ஈடாக நிற்கும்போது குறையுடையதாகின்றது.

இதனாற் பேகனது மயிலன்பு வெறும் ஆரவாரம் எனக் கொள்ளுதல் பொருந்துமோ எனின், பொருந்தாது. புலவர் ஒருவரும் அவ்வாறு கூறினாரல்லர். அச்செயல் பொய்யெனக் கருதியிருப்பின் பரணர் தம் வேண்டுகோளை அதன்மேல் நிறுவியிரார். அது மெய்யானமையாலேயே அதனைச் சுட்டி இரக்க முடிந்தது. மயிலன்பை அவர் பேகனது பண்பு முழுமையின் சான்றாகக் கொள்ளவில்லை. அவன் இன்னும் செலுத்தாத கடனுக்குப் பிணையாகக் கொண்டார். சான்று முடிந்ததைக் காட்டும்; பிணை இனிச் செய்ய வேண்டியதைக் காட்டும்.

5. புறவின் பெயரால் ஒரு வழக்கு

இம்முறை பரணர்க்கு மட்டும் உரியதன்று. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனைப் பாடிய மாறோக்கத்து நப்பசலையார், புறவின் துயர் தீர்க்கத் துலாம் புகுந்தோன் வழியில் வந்தமையின், ஈதல் நினக்கொரு புகழன்று என்கின்றார் (புறம். 39). முன்னோன் ஒருவன் பறவைக்குக் காட்டிய அருள் பின்னோர்க்குப் புகழைக் குறைத்துக் கடமையை மிகுத்துவிடுகின்றது.

அம்மன்னனே மலையமானின் மக்களை யானைக்கு இடப் புகுந்தபோது, கோவூர்கிழார் இதே வாதத்தைக் கொண்டு தடுத்தார் (புறம். 46). புறவின் துன்பமேயன்றிப் பிற துன்பங்களும் தீர்த்தோன் மரபினன் நீ. புலவரது வறுமைக்கு அஞ்சித் தம்முடையதைப் பகுத்துண்டவர் மரபினர் இவர் என இருதிறத்தையும் நிறுத்திக் காட்டினார். அச்சிறுவர் நிலையை அவர் கூறுமாறு நெஞ்சை உருக்குவது. தம்மைக் கொல்ல நிறுத்திய களிற்றைக் கண்டு, வியப்பினால் அழுகையை மறந்தனர் அவர்கள். மன்றத்திலுள்ளோரை மருண்டு நோக்கியே புதியதொரு துன்பம் எய்தினர். யானையிடம் குழந்தைக்கு அச்சமில்லை. மக்கட் கூட்டத்தினிடமே அச்சம். உயிரினத்தின்பால் இயல்பாக எழும் அன்பின் வடிவம் இச்சிறுவரிடத்து உள்ளது. பறவைக்கு இரங்கிய மரபின் பெருமை மன்னனிடத்து உள்ளது. இரண்டையும் எதிரெதிர் நிறுத்தி, கேட்டபின் நீ விரும்பியது செய்க எனப் புலவர் அமைகின்றார். அவர் பாடி அம்மக்களை உய்யக்கொண்டார் என்பது பழங்குறிப்பு. பேகன் மனைவியிடம் மீண்டானா என்பதைப் புறநானூறு கூறவில்லை.

6. ஆபுத்திரன்

உயிரன்பு மக்களன்பாக விரிந்தமைக்கு மணிமேகலையின் ஆபுத்திரன் எடுத்துக்காட்டாவன். ஈன்றாளால் கைவிடப்பட்டு ஆவின் பாலால் உயிர் பிழைத்த அவன், வேள்விக்கென நிறுத்திய பசுவை மீட்க முயன்று அடியுண்டான், வளர்த்தவராலும் நீக்கப்பட்டான். பின்னர் மதுரையில் ஐயமேற்று, குருடர், செவிடர், முடவர், காப்பாரற்றோர், நோயுற்றோர் ஆகியோரை அழைத்து ஊட்டி, எஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டையே தலையணையாகக் கொண்டு துயின்றான். அமுதசுரபி அவன் கையை அடைந்தது அதன் பின்னரே.

பேகனுக்கும் ஆபுத்திரனுக்கும் உள்ள வேறுபாடு அருளின் அளவில் இல்லை. அதன் விலையில் உள்ளது. பேகன் ஈந்த போர்வை அவனுடைய செல்வத்திற் சிறு கூறு. அதனால் அவன் புகழ் வளர்ந்தது. ஆபுத்திரனோ பசுவிற்கு இரங்கியமையால் இல்லத்தையும் ஊரையும் இழந்தான். இழப்பின் வழியே சென்ற இரக்கம் துன்புறுவார் நிலையைத் தன் நிலையாக உணர்தற்கு இடந்தந்தது. அதனால் அது விலங்கோடு நில்லாது மக்களிடத்தும் பரவிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன சில. உயிரினத்தின்பால் காட்டும் அன்பு ஒருவனது உள்ளத்தில் ஈரம் உண்டு என்பதைக் காட்டும்; அவ்வீரம் எங்கெங்குப் பாயும் என்பதைக் காட்டாது. உயிரினத்தைச் சினந்த சொல் ஒன்றினால் ஒருவரை வன்னெஞ்சர் எனத் துணிதலும் பொருந்தாது. அகத்திணைத் தோழியும் தலைவியும் வண்டுக்கும் புறவுக்கும் உரிய செய்திகளை நம்பிக்கைக்குச் சான்றாகக் கொண்டனர். அது காத்திருப்பார் கொள்ளும் நம்பிக்கை. புறத்திணைப் புலவரோ அச்செய்திகளைக் கடனுக்குப் பிணையாகக் கொண்டனர்; அது துன்புற்றார் பொருட்டு வழக்குரைப்பார் மேற்கொள்ளும் முறை.

பேகனை மயிலோடு மட்டும் சேர்த்துக் கற்பித்தல் புறநானூற்றின் ஏழு பாடல்களில் இரண்டை மட்டும் கற்பித்தலாகும். எஞ்சிய ஐந்தையும் உடன் வைத்துப் படிப்பின் பேகனது புகழ் குன்றும் எனச் சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் வேண்டா. வள்ளலிடம் பொருள் பெற்று வாழ்ந்த புலவர் நால்வர், பொருள் வேண்டா என மறுத்து, வாயிலில் அழுத ஒருத்திக்காகப் பேசிய பெருமை அவற்றால் வெளிப்படும். நல்லவன் ஒருவனிடம் அவனுடைய நற்செயலையே எடுத்துக்காட்டி, இன்னும் செய்ய வேண்டியது இது எனச் சொல்லும் துணிவு அவர்க்கு இருந்தது. மயிலுக்கு ஈந்த படாத்தை அவர்கள் போற்றினர். ஆயின் அதனைக் கொண்டு கண்ணகியின் கண்ணீரை மறைக்க அவர்கள் உடன்படவில்லை.